கூடத்தில் அவன்

நூலக மாடியில் மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகல் கூடுகிற எழுத்தாளர் வட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கதையை வாசித்தவர், வாசித்து முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அரை மணி நேரம் அந்தக் கதையை அலசுவார்கள். எழுதியவர் அந்த அறையிலேயே இல்லாதது போலத்தான் பேசுவார்கள். "நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று யாராவது இழுத்தால் அக்கா மேசையைத் தட்டுவார். புத்தகம் அச்சான பிறகு வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்லப் போகிறீர்களா என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

அக்கா அங்கே யாருக்கும் கூடப் பிறந்தவர் இல்லை. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு, இப்போது வட்டத்தை நடத்துகிறவர். ஊர்க்காரர்களின் கதைகளைத் திருத்திச் செப்பனிட்டு வருடத்துக்கு ஒரு தொகுப்பு கொண்டுவருவார்.

அந்தச் சட்டத்தில் வசமாக மாட்டிக்கொண்டவர் நம் மெக்கானிக். ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர், வயது ஐம்பத்தாறு. ஒரு வீட்டுப் படியேறும்போதே சமையலறையிலிருந்து வரும் கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டு, இது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அவ்வளவு கூர்மையான காது. தன் வீட்டுக்கு வந்ததும் அந்தக் காதைக் கழற்றி டூல்ஸ் பைக்குள் போட்டுவிடுவார் என்பதுதான் கோளாறு.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதாம் நாள் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு பீரோவை ஒழித்தபோது, அவளுடைய புடவைகளுக்கு அடியில் ஒரு நோட்டு அகப்பட்டது. அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள். நூலக வாசலில் எழுத்தாளர் வட்டம் இலவசமாகக் கொடுக்கிற தாள்தான்: எழுத வருகிறவர்களுக்கு யோசனைகள்.

தினமும் அரை மணி நேரம் எழுதுங்கள், நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் எழுதுங்கள் என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி போட்டிருந்தாள். உங்களைச் சுற்றி இருப்பவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள், அதற்கும் சரி. சொந்த அனுபவத்தை எழுதும்போது ஆளின் தொழிலையாவது மாற்றுங்கள், சரி. எழுதியதை ஒருவருக்காவது வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. பென்சிலை வைத்து அழுத்திய புள்ளி ஒன்று இருந்தது.

மெக்கானிக் அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். "ஒண்ணு படிச்சுக் காட்டட்டுமா?" என்று அவள் எப்போதோ கேட்டது ஞாபகம் வந்தது. மளிகைச் சீட்டு என்று நினைத்து, "நீயே பார்த்து வாங்கிக்க" என்று சொல்லியிருந்தார்.

நோட்டில் பதினோரு பக்கத்துக்கு ஒரு கதை இருந்தது, முடிவு இல்லாமல். அதை எப்படியாவது அவள் பெயரில் அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. அவள் இருந்தபோது கேட்காத மனிதர், போன பிறகு ஊரையே கேட்க வைக்கக் கிளம்பினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இடைஞ்சல் ஒன்று இருந்தது. தொகுப்பில் வர வேண்டுமானால் எழுதியவரே நேரில் வந்து வாசிக்க வேண்டும். முன்பு ஒருவர் காலஞ்சென்ற தன் மாமனாரின் கவிதைகள் என்று நாற்பதைக் கொண்டுவந்து ஒரே மாலையில் வாசித்துத் தீர்த்திருக்கிறார். அன்றைக்குப் போட்ட சட்டம் அது. ஆகவே மெக்கானிக் நோட்டிலிருந்து எழுத்து எழுத்தாகத் தாளில் படியெடுத்து, "நான்தான் எழுதினேன்" என்று ஒரு போடு போட்டார்.

"பேர் பெண் பேரா இருக்கே?" என்றார் அக்கா.

"புனைபெயர். வீட்டுக்காரி பேரு."

"மனைவி பேர்ல எழுதாத ஆம்பளை யாரு நம்ம பாஷையில. வாசிங்க."

வாசித்தார். கதையில் வருகிறவன் ஒரு டி.வி. மெக்கானிக். தொழிலை மாற்று என்று தாளில் சொன்னதை அவள் அந்த மட்டுக்கும் மாற்றியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். மனைவி பெருக்கிக்கொண்டு வரும்போது அவளைப் பார்க்காமலே இரண்டு காலையும் தூக்கிக்கொள்கிறான். துடைப்பம் போனதும் இறக்கிவிடுகிறான். அவன் கேட்கிறானா இல்லையா என்று பார்க்க அவள் ஒருநாள், "நேத்து நான் செத்துட்டேன்" என்கிறாள். அவன் "ம்" என்கிறான்.

அந்த இடத்தில் வட்டமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை மெக்கானிக் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாசித்தார். பிறகு ஒருநாள் அவள் நான்கு புடவையை ஒரு பையில் அடுக்குகிறாள். கதையின் கடைசி வரிகள் இவை: பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கூடத்தில் அவன்

அவ்வளவுதான். வாக்கியம் முடியவில்லை. வேலை நேரத்தில் எழுதியிருப்பாள்; டோக்கன் வாங்க யாரோ வந்து நின்றிருக்க வேண்டும்.

வாசித்து முடித்ததும் அவர் வாய் மூடியது, மற்றவர்கள் வாய் திறந்தது.

"இப்படி ஒருத்தன் இருப்பானாங்க?" என்று ஆரம்பித்தார் மருந்துக்கடைக்காரர். எதற்கும் சட்டம் பேசுகிற ஆள். "பொண்டாட்டி செத்துட்டேன்னு சொல்றா, இவன் ம்ங்கிறான். நம்புற மாதிரி இல்ல. வில்லனுக்குக்கூட ஒரு நல்ல குணம் வைக்கணும்னு நாமளே தாள்ல போட்டிருக்கோம்."

"இருப்பான் சார்," என்றார் பள்ளி வேன் ஓட்டுகிறவர். "என் வீட்ல வந்து கேளுங்க. போட்டோவோட காட்டுவா."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? மெக்கானிக் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஆள் வீட்டு வாடகையை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை, குடித்ததில்லை, கை நீட்டியதில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தாலும் அக்கா மேசையைத் தட்டியிருப்பார்.

கடைசியில் அக்கா பேசினார். "எழுதினவருக்கு அந்த ஆள் மேல கோபம் இல்ல. கோபம் இருந்தா அவன் காலைத் தூக்கி இறக்குறதை இவ்வளவு பொறுமையா பார்த்து எழுத முடியாது. நல்ல கதை. ஆனா அரை வாக்கியத்துல நிக்குது. கூடத்தில் அவன் என்ன செஞ்சான்? அதைச் சொல்லணும். அடுத்த மாசம் முடிவோட வாங்க. அதுக்கப்புறம் தொகுப்பு அச்சுக்குப் போயிடும்."

ஒரு மாதம் மெக்கானிக் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் எழுத உட்கார்ந்தார். முதல் வாரம் பேனா சரியில்லை என்று எழுந்துவிட்டார். இரண்டாம் வாரம் நாற்காலி சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மூன்றாம் வாரம் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது முடிவு பளிச்சென்று வந்தது. விளம்பர நோட்டீஸின் பின்புறத்திலேயே எழுதினார். கூடத்தில் அவன் எழுந்தான். சமையலறை வாசலில் வந்து நின்றான். பையைப் பார்த்தான். "எங்கே கிளம்பிட்ட?" என்று கேட்டான். அவள் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தான்.

எழுதும்போதே அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அந்த வீட்டு அம்மாள், வாயு கசிந்து கண்ணைக் கரிக்கிறதோ என்று பயந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் கேட்காததை ஒரு நோட்டீஸின் முதுகில் கேட்டுவிட்ட நிம்மதியில் அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அதையும் சேர்த்து வாசித்தார். மருந்துக்கடைக்காரருக்குத் திருப்தி. "இப்பதான் மனுஷனா ஆனான்," என்றார்.

வேன் டிரைவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒட்டல சார். இவன் எழுந்து வர்ற ஆள் இல்ல."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கும் ஒட்டல. முதல் பதினோரு பக்கம் எழுதினவங்களுக்கு அந்த ஆளைத் தெரியும். கடைசிப் பக்கம் எழுதினவருக்கு அந்த ஆள் மேல பாசம் ஜாஸ்தி. ரெண்டும் ஒரே கை இல்ல."

மெக்கானிக் எழுந்துவிட்டார். அக்காவின் கை மேசையைத் தட்டப் போனது; அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"ஒரே கை இல்லீங்க," என்றார். "அது என் வீட்டுக்காரி எழுதினது. அவ இல்ல. போயிட்டா. அந்த ஆள் நான்தான்."

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

வேன் டிரைவர்தான் மெல்லக் கேட்டார். "அவங்க கிளம்பிட்டாங்களா அண்ணே, அன்னைக்கு?"

"கிளம்பல. ஒருநாள்கூட என்னை விட்டு எங்கயும் போனதில்ல. பையை எப்போ அடுக்கினா, எப்போ பிரிச்சு வெச்சான்னு எனக்குத் தெரியாது."

"நீங்க கூடத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"தெரியலப்பா." உட்கார நாற்காலியைத் தேடி, அது பின்னாலேயே இருப்பது தெரியாமல் நின்றுகொண்டே பேசினார். "எந்த வீட்ல எந்த வருஷம் எந்தப் பார்ட் மாத்தினேன்னு கேளுங்க, சொல்றேன். இது தெரியல. ஒரு மாசமா யோசிக்கிறேன். அப்படி ஒரு நாளே எனக்கு ஞாபகத்துல இல்ல. கோபமா ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட அந்த இடத்துல அதை எழுதியிருப்பேன்."

வேன் டிரைவர் எழுந்து வந்து அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எழுதினவங்க நேர்ல வரலைன்னா சேர்க்கக் கூடாதுன்னு ஒரு சட்டம்..." என்று தொடங்கிய மருந்துக்கடைக்காரர், பாதியில், "அதை விடுங்க. நான் ஒண்ணும் சொல்லல," என்றார்.

அக்கா தாள்களை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்து மெக்கானிக்கிடம் திருப்பிக் கொடுத்தார். "இது வேண்டாம். மத்தது அவங்க பேர்லயே வரும். ஆனா அந்த அரை வாக்கியத்துக்கு ஒரு வழி பண்ணணும். நீங்கதான் சொல்லணும், வேற யாருக்கும் உரிமை இல்ல. 'கூடத்தில் அவன்'னு போட்டுப் புள்ளி புள்ளியா விட்டுடலாம். படிக்கிறவங்க அவங்கவங்க வீட்டு ஆளை அங்க உட்கார வெச்சுப்பாங்க. இல்லன்னா அந்த ரெண்டு வார்த்தையை எடுத்துட்டு, 'ஜிப்பை இழுத்து மூடினாள்'னு அங்கயே நிறுத்திடலாம்."

"நிறுத்தினா?"

"அவ கிளம்பிட்டான்னு ஆயிடும்."

மெக்கானிக் குனிந்து, அக்கா முன்னால் இருந்த தாளின் கடைசி வரியைப் பார்த்தார். அந்த இரண்டு சொல்லை விட்டுவைத்தால் அவர் அங்கே இருப்பார். இனி அவளும் அவரும் ஒரே வீட்டுக்குள் இருக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். படிக்கிறவர்களில் இரக்கமுள்ள யாராவது ஒருவர் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடவும் கூடும். அந்த ஆசை அவருக்கு இருந்தது. நெஞ்சு வலிக்கிற அளவுக்கு இருந்தது.

"எடுத்துடுங்க அக்கா," என்றார்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா? அப்புறம் கதையில அவ திரும்பி வரவே மாட்டா."

"வர வேண்டாம். அவ போகட்டும்."

அக்கா சிவப்பு மைப் பேனாவைத் திறந்து அந்த இரண்டு சொற்களின் மேலும் ஒரு கோடு இழுத்தார்.