இழவு வீட்டுப் பால்

ஹௌசாபாய் எருமையின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தபோது முன்வாசலில் ஒலிபெருக்கி கரகரத்தது. "தாத்யாவின் மறைவுக்கு மரியாதையாக, பால் சங்கம் மூன்று நாள் மூடப்படும்."

கை ஒரு நொடி நின்றது. பிறகு காம்பைப் பிடித்து இழுத்தாள்.

தாத்யா அவள் புருஷன். விடியற்காலையில் போன உயிர். இரண்டு தரம் சட்டசபைக்குப் போனவர்தான். ஆனால் தாலுகா முழுக்க ஊர் ஊராக நடந்து முப்பத்தேழு பால் சங்கங்களை எழுப்பியதால்தான் ஜனங்கள் அவரை, பெரியவர் என்கிற பொருளில், தாத்யா என்றார்கள். மந்திரி வந்த பிறகுதான் சிதை என்று, சாமந்தி மாலைகளுக்குள் அவரைக் கிடத்தி வைத்திருந்தார்கள். மடி கனத்த எருமைக்கு மந்திரி ஏது?

கறந்து முடித்து, ஆணியில் தொங்கிய அவருடைய சங்கச் சாவியை எடுத்துக்கொண்டாள். வாசலில் விலாஸ்ராவ் மறித்தார். சங்கத்தின் புதுத் தலைவர். சட்டையில் கஞ்சி மொடமொடத்தது.

"அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க?"

"பால் ஊத்த."

"அண்ணனுக்கு மரியாதைன்னுதானே மூடியிருக்கோம்?"

"நீங்க மூடினா உங்க மச்சான் வண்டி வந்து பாதி விலைக்கு அள்ளிட்டுப் போகும். ஆலமரத்தடியில நிக்குதே, எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அவர் உசுரோட இருக்கையில இந்த மரியாதையப் பண்ணியிருக்கணும் நீங்க. செருப்பு பறந்திருக்கும்."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"தீட்டு வீட்டுப் பாலு அண்ணி! பத்து நாளைக்கு ஒருத்தரும் தொடமாட்டாங்க. உங்க பாலு விழுந்தா கேனே வீணு."

அது அவளுக்கும் தெரியும். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

சங்கத்து வாசலில் நாற்பது பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பூட்டைத் திறந்து, அங்கேயே காத்திருந்த பால் சோதிக்கிறவரை உள்ளே விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். யார் வீட்டுப் பாலானாலும் வந்த வரிசை என்பது தாத்யா வைத்த சட்டம். ஆனால் ஒருத்தியும் குடத்தைச் சாய்க்கவில்லை. கடைசிப் பாலும் அதே கேனில்தானே விழும்?

முதலில் நின்ற ரக்மா, சேரிக்காரி, திரும்பி அவளிடம் வந்தாள்.

"அக்கா, எங்க சேரிப் பாலு விழுந்த கேன்ல அடுத்த பாலு ஊத்த அன்னிக்கு ஊர்ல ஆளில்ல. தாத்யாதான் ஊத்தினாரு. கறந்து கொடுத்தது நீ. போ, என் இடத்துல நில்லு. நான் உன் இடத்துல நிக்கிறேன்."

"வரிசை, ரக்மா..."

"இடத்துக்கு இடம் மாத்திக்கிறோம். எந்தச் சட்டம் தடுக்கும்?"

ஹௌசாபாய் முன்னால் போய்க் குடத்தை நீட்டினாள். சோதிக்கிறவர் பால்மானியை இறக்கினார். அது ஆடி ஆடி, சரியான கோட்டில் நின்றது.

"தண்ணி இல்ல," என்றார். கேனில் ஊற்றினார்.

அடுத்து ஊர்த்தலைவர் பாட்டீல் வீட்டு மருமகள். அவள் கேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடியம்மா, காலு வேரு விட்டுடுச்சா?" கடைசியிலிருந்து ரக்மாவின் குரல் வந்தது.

தொலைவில் மந்திரியின் கார்கள் ஒலியெழுப்பின. யாரும் திரும்பவில்லை. மருமகள் இடுப்புக் குடத்தை இறக்கி நீட்டினாள்.

வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.