அவர் சொல்லித்தான் தெரியும்

சாட்சிக் கூண்டில் கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. மரக் கைப்பிடி, அவளுக்கு முன்னால் வந்து பொய் சொன்ன அத்தனை பேருடைய வியர்வையிலும் வழவழத்துப் போயிருந்தது.

எதிரே, குற்றம் சாட்டப்பட்டவனாக அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். வாராவாரம் சோதித்துவிட்டதாக அவன் கையெழுத்துப் போட்டிருந்த லிஃப்ட் ஒன்று மூன்றாம் மாடியிலிருந்து இறங்காமல் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த ஓய்வுபெற்ற டீச்சர், இடுப்பெலும்பு இன்னும் சேராமல், முதல் பெஞ்சில் வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் எட்டு வாரக் கையெழுத்தும் பக்காவாக இருந்தது. சந்தேகமே அதனால்தான் வந்தது.

அந்த எட்டு வாரங்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையலறை மேசையில் நடந்து முடிந்ததை அவள் பார்த்திருக்கிறாள். நான்கு பேனாக்கள். லிஃப்டுக்குள் நின்றுகொண்டு எழுதினால் எழுத்து கோணும் என்பதால், சில வரிகளை மட்டும் எழுந்துபோய்ச் சுவரில் பதிவேட்டை அணைத்து வைத்து எழுதினான். வேலையில் அவன் அவ்வளவு சிரத்தை காட்டி அவள் பார்த்ததே இல்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

போன வாரம் அவனுடைய வக்கீலிடம் கேட்டாள்.

"பொண்டாட்டியையே சாட்சிக்கு இழுக்கலாமா சார்?"

"இழுக்கலாம்மா. சம்மன் வந்தா வந்துதான் ஆகணும். கண்ணால பார்த்ததக் கேட்டா சொல்லித்தான் ஆகணும். ஆனா வீட்டுக்காரர் உங்ககிட்ட வாயால சொன்னத மட்டும் அவர் சம்மதமில்லாம சொல்லவெக்க முடியாது. அதனால, எதைக் கேட்டாலும் 'அவர் சொல்லித்தான் தெரியும்'னுடுங்க."

"அவர் ஒண்ணுமே சொல்லலையே சார்."

"அது கோர்ட்டுக்குத் தெரியுமா?"

பக்கத்து நாற்காலியில் கணவன் சுவர்க் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

பதினான்கு வருடங்களில் அவன் அவளிடம் சொன்னவற்றை அன்று பஸ்ஸில் எண்ணிப் பார்த்தாள். 'சாவி எங்க.' 'மழை வர்ற மாதிரி இருக்கு.' மீதியெல்லாம் 'ம்'. சட்டம் இதற்குத்தான் காவல் நிற்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் அடக்கிக்கொண்டாள்.

அரசு வக்கீல் எழுந்தார். "அந்தப் பதிவேட்டை உங்க வீட்டுக்காரர் எங்க வச்சு எழுதினார்?"

டீச்சர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "அவர் சொல்லித்தான் தெரியும்."

"நீங்க பாக்கலயா?"

"இல்ல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப சொன்னார்?"

இதற்கு வக்கீல் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"நான் சாப்பிட்டுட்டு இருந்தேன் ஐயா. பக்கத்துல வந்து உக்காந்தார். முகமே சரியில்ல. என்னன்னு கேட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்டடி சொல்லுவேன்னார். அப்புறம்..."

"போதும்மா. என்ன சொன்னார்னு இங்க சொல்லக்கூடாது."

"இன்னும் கொஞ்சம்தான் ஐயா."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி அவள் கணவனைப் பார்த்தார். "நீங்க சொன்னத இவங்க இங்க சொல்லலாமா? உங்களுக்குச் சம்மதமா?"

அவனுடைய வக்கீல் வேண்டாமென்று அவசரமாகத் தலையை ஆட்டினார். அவன் அதைக் கவனிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல. நீதிபதி இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

"இல்ல," என்றான்.

அரசு வக்கீல் காகிதங்களை அடுக்கினார். டீச்சர் எழுந்துகொண்டார். வாக்கர் கதவுவரை போய்ச் சேர வெகுநேரம் ஆனது. அதுவரை யாரும் அடுத்த வழக்கைக் கூப்பிடவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வழக்கமாக அவன் இரண்டு ஆள் தள்ளி நிற்பான். இன்று பக்கத்தில் வந்து நின்றான். பேசுவதற்கு முன் இரண்டு தடவை செருமினான்.

"கையைப் பிடிச்சுக்கிட்டு... அப்புறம் நான் என்ன சொன்னேன்?"

அவளிடம் அதற்கு மேல் எதுவும் தயாராக இல்லை. அவன் காத்திருந்தான். பஸ் வந்து, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்றது. இருவரும் ஏறவில்லை.