சுரங்கம் பார்க்க வந்தவர்கள்

சுரங்கம் கோபுரத்துக்கு அடியில் போய்ச் சேரவில்லை. அது ஆஸ்பர்னுக்கும் அவனோடு தோண்டிய நால்வருக்கும் மட்டுமே தெரியும்.

டீன் காட்டில் இரும்புக்கல் வெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தவனை அரசரின் ஆட்கள் இழுத்துவந்து, அவர்கள் முற்றுகையிட்டிருந்த கார்வெல் கோட்டை மதிலுக்கு வெளியே குழியில் இறக்கிவிட்டார்கள். கோடை முழுக்கத் தோண்டினான். அறுவடைக் காலத்தில் குறுக்கே பாறை வந்தது. உளிகள் மழுங்கியதுதான் மிச்சம். தளபதியோ முடியாது என்ற சொல்லைக் காதில் வாங்கும் ரகமில்லை. முந்தைய சுரங்கக்காரனை மரத்தில் தொங்கவிட்ட புண்ணியவான். கோபுரத்தடியில் போய்விட்டோம் என்று ஆஸ்பர்ன் சொல்லிவிட்டான். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத அலுப்பில் சொன்ன பொய் அது.

சுரங்கத்தின் கூரையைத் தாங்கிய முட்டுக்கட்டைகளில் பன்றிக் கொழுப்பைப் பூசினார்கள். தீ வைத்தால் கட்டைகள் எரிந்து, மேலே நிற்பது சரிய வேண்டும். ஆனால் அதற்குமுன் எதிரியைக் கூப்பிட்டுச் சுரங்கத்தைக் காட்டுவது போர் வழக்கம். பார்த்துவிட்டுச் சரணடைந்தால் எல்லோருக்கும் உயிர்ப்பிச்சை. கொளுத்திக் கோபுரம் நின்றாலும் ஆஸ்பர்னுக்குத் தூக்கு, பார்க்க வருபவன் கண்டுபிடித்தாலும் தூக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

உள்ளேயிருந்து வயதான கோட்டைத் தலைவரும், கொத்தனார் ஹேமோவும் வந்தார்கள். முற்றுகைப் பட்டினியில் இருவரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். கொழுப்பு வாசனைக்குத் தலைவர் எச்சில் விழுங்கியது ஆஸ்பர்னுக்கே கேட்டது. ஹேமோ விளக்கை வாங்கிக்கொண்டு கடைசிவரை போனான். பாறையைத் தடவினான். திரும்பி ஆஸ்பர்னை ஒரு பார்வை பார்த்தான். தூக்குக் கயிறு கழுத்தில் விழுந்துவிட்டதாகவே ஆஸ்பர்ன் நினைத்துக்கொண்டான்.

"என்னப்பா, கோபுரம் நிக்குமா?" என்றார் தலைவர்.

"நிக்காதுங்க ஐயா. கொளுத்தினா விழுந்துரும்" என்றான் ஹேமோ.

அன்று மாலையே கதவைத் திறந்துவிட்டார்கள். சனங்கள் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தார்கள். தளபதி ஆஸ்பர்னின் முதுகில் தட்டி, அடுத்த கோட்டைக்கும் நீதான் என்றார். அவன் தலையை ஆட்டிவைத்துவிட்டு, கூட்டத்தில் ஹேமோவைத் தேடிப் பிடித்தான்.

"அது பாறைனு உனக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன? அந்தப் பாறை மேலதான் கோபுரமே நிக்குது. அஸ்திவாரம் போட்டவன் நான்."

"அப்புறம் ஏன்யா அப்படிச் சொன்ன?"

ஹேமோ, தோளில் துவண்டு கிடந்த மகளை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"போன வாரம் இவ தம்பியப் புதைச்சேன். நீ குழியே தோண்டாம நின்னிருந்தாலும், விழும்னுதான் சொல்லியிருப்பேன்."