அனுப்புநர்: அங்கம்மாள், திருப்புட்குழி

திருப்புட்குழியில் அங்கம்மாளுக்கு நான்கு வாடகை அறைகள் இருந்தன. மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில், கணவர் ராமலிங்கம் இறந்த பிறகு தகரக் கூரை போட்டுக் கட்டியவை. வடமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வருகிறவர்கள் அவற்றில் குடியிருந்தார்கள். கடைசி அறையில் இருந்தவனை எல்லோரும் ராஜூ என்று கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு வருடமாக அங்கேதான் இருந்தான். அதிகம் பேசமாட்டான்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் எழுந்திருக்கவில்லை. நான்கு நாளாகக் காய்ச்சல். அவனை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி தேவேந்திரன் ஒரு டாக்டரோடு வந்தான். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மதியத்துக்குள் காஞ்சிபுரத்தில் உள்ள எரிவாயு தகன மேடைக்குக் கொண்டுபோய் எரித்தாகிவிட்டது. மற்ற அறைகளில் இருந்த ஆட்களை மறுநாளே ஓசூர் வேலைக்கு அனுப்பிவிட்டான் தேவேந்திரன்.

மூன்றாம் நாள் அறையைக் கூட்டப் போன அங்கம்மாளுக்குத் தலையணைக்கு அடியில் கைபேசி அடிக்கும் சத்தம் கேட்டது. எடுத்தால் ஒரு பெண்ணின் குரல். மொழி புரியவில்லை. மகன் அருளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்கிறவன். அங்கே பேசிப் பழகிய இந்தி கொஞ்சம் தெரியும். அவன் பேசப் பேச முகம் மாறியது.

ஒடிசாவில் ஒரு மலைக் கிராமத்திலிருந்து பேசுகிறாளாம். பெயர் ஜமுனா. மேஸ்திரி போன் செய்து ராஜூ இறந்துவிட்டான் என்றானாம். ராஜூ யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கணவன் பெயர் லோக்நாத் மாஜி. ஒருவேளை செத்தது வேறு யாரோ, தன் கணவன் எங்கேயோ வேலைக்குப் போயிருப்பான் என்று மூன்று நாளாக அவன் நம்பருக்கே அடித்துக்கொண்டிருந்தாள்.

அருள் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னான். அங்கம்மாள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். தேவேந்திரனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, ராஜூ என்று வைத்தான். அவன் சொன்னதையே அவளும் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செத்தது லோக்நாத்தான் என்று அருள் சொன்னதும் ஜமுனா நெடுநேரம் அழுதாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். எலும்பும் சாம்பலுமாவது வேண்டும். ஊர் ஆற்றில் விட வேண்டும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னது கைக்குழந்தை, அவளால் வர முடியாது.

அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லச் சொன்னாள் அங்கம்மாள். எப்படி என்று அப்போது அவளுக்கே தெரியாது.

தகன மேடையில் ஒரு வாரம்தான் வைத்திருப்பார்களாம், பிறகு அவர்களே கரைத்துவிடுவார்களாம். அங்கம்மாள் போய் மண் கலயத்தையும் சீட்டையும் வாங்கிவந்தாள். சீட்டில் ‘ராஜூ’ என்று மட்டும் இருந்தது. கலயத்தைக் கடைசி அறையிலேயே வைத்துப் பூட்டினாள். அறை காலியா என்று கேட்டு வந்தவர்களிடம், ஆள் இருக்குது என்றாள்.

ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப ஐந்து நாள் ஆகும். அருளுக்கு விடுப்பு இல்லை. அங்கம்மாளுக்கு முட்டி வலி. ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்பலாம் என்று தேவேந்திரன் சொன்னான். எந்த ஆள், எப்போது என்று கேட்டால் பேச்சை மாற்றினான். இரண்டு கூரியர் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரன் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னான். சத்து மாவு என்று எழுதிக் கொடுத்தால் போட்டுவிடுவானாம்.

“மனுஷன மாவுன்னு எழுதச் சொல்றியா?” என்று கேட்டுவிட்டு அங்கம்மாள் வெளியே வந்தாள்.

அடுத்து, காஞ்சிபுரத்தில் ஒரு சின்னத் தபால் நிலையம். பட்டுக்கடைப் பார்சல்களோடு நின்றவர்களுக்குப் பின்னால் நின்று அவள் முறை வந்தபோது, கவுன்டரில் இருந்த ருக்ஸானா எல்லோரிடமும் கேட்பதுபோல உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். அங்கம்மாள் இருந்ததைச் சொன்னாள். பின்னால் நின்றவர் இரண்டடி நகர்ந்தார்.

ருக்ஸானா முகம் சுளிக்கவில்லை. வரிசை முடியட்டும் என்று பெஞ்சில் உட்காரச் சொன்னாள். பிறகு கம்ப்யூட்டரில் தேடினாள், அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினாள்.

“காசிக்கு, கயாவுக்கு அஸ்தி அனுப்பலாம்னு ஒரு சுற்றறிக்கை வந்திருக்குதும்மா. அதுவும் அங்க சடங்கு செய்றவங்க பேருக்கு. ஒருத்தர் வீட்டுக்கு அனுப்பலாம்னு இல்ல.”

“அனுப்பக் கூடாதுன்னு இருக்குதா?”

ருக்ஸானா தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் விரலை ஓட்டினாள். வெடிப்பொருள், அமிலம், உயிருள்ள பிராணி, நாற்றம் அடிப்பவை என்று கீழே வரைக்கும் போனாள்.

“அப்படியும் இல்ல,” என்றாள்.

“அப்போ யாரக் கேக்கணுமோ அவங்களக் கேளும்மா. நான் உக்காந்துக்கினு இருக்கேன்.”

அன்றைக்கே பதில் வராது என்று ருக்ஸானா எடுத்துச் சொல்லி, மேலதிகாரிக்கு எழுதிப் போட்டாள். அங்கம்மாள் நான்கு நாள் விடாமல் பஸ் ஏறி வந்தாள். காலையில் வந்து பெஞ்சில் உட்காருவாள். மதியம், பதில் இல்லை என்று ருக்ஸானா தலையாட்டினால் எழுந்து போவாள். ஐந்தாம் நாள் பதில் வந்திருந்தது. ஏற்கலாம். ஆனால் சிந்தாத, கசியாத உள்பெட்டி வேண்டும், அதற்கு வெளியே கெட்டியான இன்னொரு பெட்டி. உள்ளே இருப்பது என்ன என்று மேலே எழுதியிருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும் தகனச் சீட்டும் நகலெடுத்து வைக்க வேண்டும். பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டு வாங்குகிறவர் ஒரு கடிதம் தர வேண்டும்.

ஜமுனாவின் கடிதமும் அவள் கணவனின் ஆதார் அட்டையும் அருளின் கைபேசிக்குப் படமாக வந்தன. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்த ருக்ஸானா சீட்டைத் தனியாக எடுத்து வைத்தாள்.

“பேரு ரெண்டா இருக்குதும்மா. இதுல ராஜூ. கடிதத்துல லோக்நாத் மாஜி. நடுவுல யாராவது நிறுத்தி, இது யாரோடதுன்னு கேட்டா அந்த அம்மா இன்னா சொல்லுவாங்க?”

அங்கம்மாள் தேவேந்திரனைத் தேடி அவன் வேலை நடக்கும் இடத்துக்குப் போனாள். இறந்தவன் பெயர் லோக்நாத் மாஜி என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்படி கேட்டாள். அவன் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தான்.

“ஆளே போயிட்டான்க்கா. பேரு எதுவா இருந்தா இன்னா? நான் கையெழுத்துப் போட்டா, எங்கிட்ட வேலை செஞ்சான்னு ஆவும். அப்புறம் ஆபீஸ் ஆபீஸா நான் அலையணும்.”

அவள் டீயைத் தொடவில்லை. சாயங்காலம் வரை அந்த நாற்காலியிலேயே இருந்தாள். அவன் பின்பக்க வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டதை ஒரு சித்தாள் பெண் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

மறுநாள் கிராம நிர்வாக அலுவலரிடம் போனாள். அங்கேதான் விஷயம் தெரிந்தது. இறப்பு இன்னும் பதிவாகவே இல்லை. தகன மேடைச் சீட்டும் டாக்டர் எழுதிய தாளும் மட்டும்தான் இருந்தன. அந்தத் தாளைத்தான் இறப்புச் சான்றிதழ் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பதிவு செய்ய மேஸ்திரி தேவையில்லை என்றார் அலுவலர். எந்த வீட்டில் இறந்தாரோ அந்த வீட்டுக்காரர் சொன்னால் போதும். கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார். அந்த நான்கு அறைகளும் எந்தக் கணக்கிலும் இல்லை. வாடகைக்கு இருந்தவர் இங்கே இறந்தார் என்று எழுதிக் கொடுத்தால் அந்த விஷயமும் வெளியே வரும். வரி வரும், அனுமதி எங்கே என்று நோட்டீஸ் வரும், சில சமயம் கூரையைப் பிரிக்கக்கூடச் சொல்வார்கள்.

வீட்டில் அருள் கோபப்பட்டான். முடிந்தவரை செய்தாகிவிட்டது, கலயத்தைக் கொண்டுபோய்ப் பாலாற்றில் விட்டுவிடலாம், அதுவும் ஆறுதானே என்றான். அந்தப் பெண்ணிடம் தானே பேசிப் புரியவைப்பதாகவும் சொன்னான்.

“என் வீட்ல செத்தான். நான்தான் சொல்லணும்,” என்றாள் அங்கம்மாள். “ரெண்டு வருஷம்டா. உன் பேரு இன்னாப்பான்னு நீ கேட்டியா? நான் கேட்டனா?”

அவள் மறுநாள் போய் எழுதிக் கொடுத்தாள். ‘எனது வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த லோக்நாத் மாஜி’ என்று அலுவலர் வாசித்துக் காட்ட, கீழே எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் போட்டாள். டாக்டர் தன் தாளில் பெயரைத் திருத்திக் கொடுக்க மூன்று முறை அலையவிட்டார். சான்றிதழ் கைக்கு வரப் பத்தொன்பது நாள் ஆனது. அதைக் காட்டியதும் தகன மேடையில் புதுச் சீட்டு கொடுத்தார்கள். இதற்கிடையில் அறைகளுக்கான நோட்டீசும் வந்தது. பதில் சொல்ல நாள் இருக்குது என்று அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

பொட்டலத்தை அவளே கட்டினாள். கலயத்தில் இருந்ததைத் திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். அட்டைப் பெட்டிக்குள் டப்பா ஆடாதபடி நான்கு பக்கமும் துணி அடைத்தாள். பெட்டிக்கு வெள்ளைத் துணி உறை போட்டுக் கோணி ஊசியால் தைத்தாள். தபால் நிலையத்தில் ருக்ஸானா தடித்த எழுத்தில் ‘மனித அஸ்தி, கவனமாகக் கையாளவும்’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதினாள். இரண்டு கிலோ முன்னூற்று நாற்பது கிராம் இருந்தது. அனுப்புநர் பெயரை மட்டும் அங்கம்மாள் தமிழில் தானே எழுதினாள். ருக்ஸானா பொட்டலத்தை மற்றப் பார்சல்களோடு கூடையில் போடாமல், இரண்டு கையாலும் தூக்கிப்போய் உள்ளே ஒரு மேசைமேல் வைத்தாள்.

அதன் பிறகு பொட்டலம் எங்கே இருக்கிறது என்று கைபேசியில் பார்த்துக்கொண்டே இருந்தது அருள்தான். சென்னை தாண்டியது, புவனேஸ்வர் போய்ச் சேர்ந்தது என்று வேலைக்கு நடுவே அம்மாவுக்குப் போன் செய்வான். மலைப்பக்கம் மழை என்று இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றது. அந்த இரண்டு நாளும் அங்கம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள், கொடுத்தாகிவிட்டது என்று வந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கம்மாள் தபால் நிலையத்துக்குப் போய், ஜமுனாவிடம் பேச வேண்டும் என்றாள். ருக்ஸானா வீட்டில் உருது பேசுகிறவள். ஜமுனாவின் இந்தியும் இவளுடைய உருதுவும் ஒன்றுக்கொன்று புரிந்தன. தபால்காரர் பாதி வழி நடந்தே வந்தாராம். கொடுப்பதற்கு முன் பெயரை உரக்கப் படித்தாராம், தெருவே வந்து நின்றதாம். இன்று காலை ஆற்றில் விட்டார்கள். பெரிய பிள்ளைதான் விட்டது.

பிறகு ஜமுனா ஏதோ கேட்டாள். ருக்ஸானா கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “கடைசியில பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு கேக்குறாங்க. நீங்க இருந்தீங்கன்னு சொல்லட்டுமாம்மா?”

“வேணாம். உள்ளதச் சொல்லு. சாயங்காலம் கஞ்சி குடுத்தேன், பாதி குடிச்சான். காலைல நான் போய்ப் பாக்கறதுக்குள்ள போயிட்டான். பக்கத்துல யாரும் இல்ல.”

ருக்ஸானா அப்படியே சொன்னாள். பிறகு ஜமுனா மெதுவாகப் பேசினாள்.

“கஞ்சியில உப்பு இருந்துச்சான்னு கேக்குறாங்க. அவருக்கு உப்பு தூக்கலா இருக்கணுமாம்.”

“இருந்துச்சு,” என்றாள் அங்கம்மாள். “பத்தலன்னு கேட்டு வாங்கிப் போட்டுக்கினான்.”

அதைக் கேட்டு ஜமுனா அழுதாள். அழுகைக்கு நடுவே லோக்நாத்தைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். சாப்பாட்டு நேரம் முடிந்து கவுன்டருக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். ருக்ஸானா அவர்களை ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அங்கம்மாளுக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.