நின்றுவிட்டதாக நினைத்த வண்டி

ஒரு நாளைக்குப் பதினாலு வீடு. காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வண்டியை எடுத்தால், சாயங்காலம் நாலரை வரைக்கும் ஏறுவதும் இறங்குவதும்தான் பெரிய சிஸ்டரின் பிழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குப் புண் கட்டுவது, ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டி முதுகைப் பார்ப்பது. இருபத்தாறு வருடமாக இதைத்தான் செய்கிறாள். அவளுக்கு மேலே இருந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போனதால் பெரிய சிஸ்டர் ஆனாள். மற்றபடி ஆள் குள்ளம்தான்.

பழைய வேனில் இரண்டு இருக்கைக்கும் நடுவே முழங்கை நீளத்துக்கு ஒரு கியர்க் கம்பி இருந்தது. பக்கத்தில் கைபிரேக். இழுத்தால் பல் பல்லாகச் சத்தம் போட்டு ஏறும். வண்டி நின்றதா என்று அந்தச் சத்தமே சொல்லிவிடும். போன வருடம் அந்த வேன்களை எல்லாம் மொத்தமாகக் கழித்துவிட்டு, ஆஸ்பத்திரி இருபது புது வண்டிகளை எடுத்தது. வெள்ளை வெளேரென்று, இன்ஜின் சத்தமே கேட்காத வண்டிகள்.

புது வண்டியில் கியர் என்று சொல்லிக்கொள்ள, ஊறுகாய்ப் பாட்டில் மூடி அளவுக்கு ஒரு குமிழ். முன்னே தள்ளினால் பின்னால் போகும், பின்னே இழுத்தால் முன்னால் போகும். எப்படித் தள்ளினாலும் கையை எடுத்ததும் ஒன்றும் நடக்காதது போல நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது எந்தக் கியரில் இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. கண்ணால் திரையில் பார்க்க வேண்டும். நிறுத்துவதற்கான 'பி' தனி பொத்தான், குமிழின் தலையில். கைபிரேக்கும் பொத்தான்தான். 'பி' விழுந்தால் அதுவும் தானாக விழுந்துவிடும் என்று சொன்னார்கள். ஏசியைக் குறைக்க வேண்டுமென்றாலும் திரையைத் தடவ வேண்டும். கையுறை போட்ட விரலை அந்தத் திரை மதிக்காது.

போதாக்குறைக்குச் சத்தம். பெல்ட் போடவில்லையென்றால் ஒரு சத்தம். மருந்துப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தால், பைக்கும் பெல்ட் போடு என்று இன்னொரு சத்தம். சாலைக் கோட்டைத் தொட்டால், கதவைத் திறந்தால், முன்னால் ஒரு சைக்கிள் போனால், மழை பெய்தால், எல்லாவற்றுக்கும் டிங் டிங். முதல் வாரம் முழுக்க வீட்டுக்கு வந்தும் அவளுக்குக் காதில் அதுதான் கேட்டது.

"வாயில்லா ஜீவன், பாவம், ஏதோ சொல்ல வருது" என்றார் அவள் வீட்டுக்காரர். ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்கும் வேலை அவருக்கு. எதையும் பதறாமல்தான் பேசுவார்.

"நாள் பூரா சொல்லிக்கிட்டே இருந்தா எதைத்தாங்க கேக்குறது?" என்றாள் அவள், காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு.

பத்தாவது வீடு பஸ்காரருடையது. முப்பது வருடம் பஸ் ஓட்டிவிட்டு, சர்க்கரையில் இடது காலில் ஆறாத புண்ணோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறவர். ஏற்றமான ஒரு தெருவின் பாதியில் மாடி வீடு. தெருவில் போகிற வருகிற வண்டிகளைப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. யார் எப்படி நிறுத்துகிறார்கள் என்று மார்க் போடுவார். பெரிய சிஸ்டருக்குப் பழைய வேனில் பத்துக்கு ஒன்பது கொடுத்தவர், புது வண்டி வந்த பிறகு ஆறுக்கு இறக்கிவிட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை. மணி இரண்டு இருக்கும். அவள் தெருவுக்குள் ஏறும்போதே பஸ்காரரின் மனைவி செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். கையெல்லாம் சிவப்பு.

"சிஸ்டர்! ரத்தம் நிக்க மாட்டேங்குது சிஸ்டர்! கட்டு முழுக்க நனைஞ்சு போச்சு!"

பெரிய சிஸ்டர் பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கப் போன அந்தக் கடைசி நொடியில், பழகிய விரல் 'பி' பொத்தானை அமுக்கியது. டிங் என்றது. அது எப்போதும் டிங் என்கிற வண்டிதானே. இன்ஜினை அணைக்கத் தோன்றவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள். வண்டி அசையாமல் நின்றது. பின்னிருக்கைக் கதவைத் திறந்து பையை இழுத்தாள்.

மேலே ஜன்னலிலிருந்து பஸ்காரரின் குரல். பஸ் நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய குரல்.

"சிஸ்டர்! உங்க வண்டி போகுது!"

அவள் நிமிர்வதற்குள் திறந்திருந்த அந்தக் கதவு பின்னால் வந்து அவள் தோளில் மோதியது. பையோடு சேர்ந்து தரையில் விழுந்தாள். வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டில் குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். முன்சக்கரம் அவள் கணுக்காலுக்கு ஒரு சாண் தள்ளி உருண்டு போனது. வண்டி அவசரமே இல்லாமல், இரண்டு கதவையும் காது மாதிரி விரித்துக்கொண்டு, டிங் டிங் என்று சொல்லிக்கொண்டே இறக்கத்தில் இறங்கியது. எதிர்ப்பக்கம் இருந்த குப்பைத் தொட்டியை நசுக்கி, ஒரு மதில் சுவரில் முட்டி நின்றது.

தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

அவள் எழுந்தாள். வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையால் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். புண்ணின் ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் பிய்ந்திருந்தது. இடது கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்து, காலைத் தலையணை மேல் உயர்த்தச் சொல்லி, பஸ்காரரின் மனைவியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். பன்னிரண்டு நிமிடம் அழுத்தினாள். ரத்தம் நின்றது. கட்டி முடித்த பிறகுதான் தன் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"உக்காருங்க சிஸ்டர், முதல்ல உக்காருங்க" என்றார் பஸ்காரர். முகம் வெளுத்திருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னைக்கு மார்க் போட மாட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கையில் மாவுக்கட்டோடு பத்தாம் நாள் வாகனப் பிரிவு அதிகாரியின் அறைக்குப் போனாள். அவரும் பாவம் தூக்கம் கெட்ட முகத்தோடுதான் இருந்தார். மேசை மேல் மூன்று போன்கள். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று அடித்தது. அவள் முன்னால் ஒரு தாளை நகர்த்தினார்.

"வண்டியோட பதிவை எடுத்துட்டோம் சிஸ்டர். சம்பவ நேரத்துல கியர் 'என்'ல, அதான் நியூட்ரல்ல, இருந்திருக்கு. 'பி'ல இல்ல."

"நான் 'பி'தான் சார் அமுக்குனேன்."

"அமுக்கியிருக்கீங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா வண்டி முழுசா நிக்கறதுக்கு முன்னாடி அமுக்கியிருக்கீங்க. அப்படி அமுக்குனா அது 'பி'யை ஏத்துக்காது. 'என்'னுக்குப் போயிடும். ஏத்தத்துல கொஞ்ச நேரம் தானா பிடிச்சு நிக்கும், அப்புறம் விட்டுடும்."

"அதை அது எனக்குச் சொல்ல வேணாமா?"

"சொல்லியிருக்கே. டிங்னு."

பெரிய சிஸ்டர் அவரையே பார்த்தாள். "சார், அது எதுக்குத்தான் டிங்குன்னு சொல்லல?"

"கதவைத் திறந்தா தானா 'பி' விழற வசதி இருக்கு. ஆனா அது உசத்தி ரகத்துல மட்டும்தான். நம்ம எடுத்தது சாதா" என்றார் அதிகாரி, தனக்கே சொல்லிக்கொள்வது போல. பிறகு தாளைத் தட்டினார். "ஓட்டுனரின் கவனக்குறைவு. இந்த இடத்துல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்ல. ஃபைலை மூடிடலாம்."

இருபத்தாறு வருடத்தில் தன் முன்னால் நீட்டிய எந்தத் தாளிலும் அவள் கையெழுத்துப் போடாமல் திரும்பியதில்லை. விடுமுறையை ரத்து செய்த தாள், கூடுதல் வீடுகளைச் சேர்த்த தாள், எல்லாவற்றிலும் போட்டிருக்கிறாள். இன்றைக்கும் போட்டிருப்பாள். சண்டை போடத் தெம்பு இல்லை. உண்மையில் இன்ஜினை அணைக்காமல் இறங்கியது தன் தப்பு என்றும் அவளுக்குத் தெரியும். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் பேனாவை இடது கையில் வாங்கி, எப்படிப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாமதத்தை அவர் தயக்கம் என்று நினைத்துவிட்டார் போல.

"என்ன சிஸ்டர் யோசிக்கிறீங்க? ஏழு பேர் இதே மாதிரி போட்டுக் குடுத்தாச்சு. ஒருத்தரும் இப்படி யோசிக்கல."

பேனா நின்றது.

"ஏழு பேரா?"

அதிகாரி போனைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒன்றும் அடிக்கவில்லை.

"ஏழு பேர் வண்டி உருண்டிருக்கா? இதே மாதிரி?"

"எல்லாம் சின்னச் சின்ன இடிதான்..."

"இருபது வண்டியில ஏழா சார்? என்னோட எட்டு." அவள் பேனாவை மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தவும் முடியவில்லை. "எட்டுப் பேருக்குமா கவனம் இல்ல?"

கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தாள். தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் குச்சியின் ஞாபகம் வந்தது.

குச்சி என்பது ஒல்லியாக, உயரமாக இருக்கும் ஒரு நர்ஸுக்கு எல்லாரும் வைத்த பெயர். அவள் வண்டி நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மருந்துக்கடையின் இரும்புக் கதவில் பின்பக்கமாகப் போய் முட்டியது. ஆஸ்பத்திரி முழுக்க அதுதான் பேச்சு. டீ குடிக்கும் அறையில் அவள் உள்ளே வந்தபோது யாரோ, "மாத்திரை வாங்க வண்டியே நேரா போயிடுச்சாமே?" என்றார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொன்னது யாரோ இல்லை. பெரிய சிஸ்டர்தான். களைப்பில், பொழுது போக, வாய்க்கு வந்ததைச் சொன்னாள். குச்சியும் சிரித்தாள். அடுத்த வாரமே வீடு பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, மூன்றாம் மாடி வார்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நல்ல கை அவளுக்கு. குழந்தைகள்கூட அவள் ஊசிக்கு அழாது.

பெரிய சிஸ்டர் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். லிஃப்ட் இருந்தது. அதிலும் பொத்தான்தான் என்று படியிலேயே போனாள்.

குச்சி ஒரு கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டைப் பார்த்ததும் கை நின்றது.

"அக்கா, உங்களுக்குமா?"

"எனக்கும்தான். உனக்கு டிங்குன்னு சொல்லுச்சா?"

"சொல்லியிருக்கும். அது எப்பவும்தானே சொல்லும்." குச்சி விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் திணித்தாள். "நான் 'பி' அமுக்குனேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சுக்கா. அவங்க பதிவைக் காட்டுனதும் என் மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. வண்டியை நிறுத்திட்டோமாங்கறதே தெரியலன்னா, மருந்து அளவை மட்டும் எப்படிச் சரியா பாத்திருப்பேன்னு... ராத்திரி எழுந்து உக்காந்துக்குவேன். இப்பவும் ஊசியில மருந்து ஏத்துனா இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்றேன்."

பெரிய சிஸ்டர் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தை தேடினாள். தேடிய வார்த்தை எதுவும் அகப்படவில்லை. "அன்னைக்கு டீ ரூம்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றாள் கடைசியில்.

குச்சி தலையணை உறையை உதறினாள்.

"ஆமாக்கா, சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

பிறகு அவள்தான் மற்றவர்களைச் சொன்னாள். இயன்முறை மருத்துவர் ஒருவர், ரத்த மாதிரி எடுக்கப் போகிறவர்கள் இரண்டு பேர் என்று அவளுக்குத் தெரிந்தது மூன்று பேர். மீதி மூன்று பேரைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. எல்லாரும் ஒரே கதையைச் சொன்னார்கள். எல்லாரும் தங்களுக்கு மட்டும்தான் நடந்தது என்று வெளியே மூச்சு விடாமல் இருந்தவர்கள். குச்சி தன் அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் ஒரே கடிதமாக எழுதினாள். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய சிஸ்டரின் கையெழுத்து இடது கையால் கோழி கிறுக்கியது போல இருந்தது.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. வண்டிகளின் வாடகை ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடத்துக்கு இருக்கிறது, மாற்ற முடியாது என்று பதில் வந்தது. வண்டி செய்த கம்பெனிக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். எட்டு ஃபைலிலும் 'ஓட்டுனரின் கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு, 'கியர் பொத்தான் ஏற்கப்படவில்லை' என்று திருத்தினார்கள். திருத்திய நகலை அதிகாரியே கொண்டுவந்து கொடுத்தார். "என் வீட்டு வண்டியும் இதே ரகம்தான் சிஸ்டர். என் மனைவி அதைத் தொடவே மாட்டேங்கறா" என்றார். எல்லா வண்டிக்கும் சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு மரக்கட்டைகள் கொடுத்தார்கள்.

குச்சி வீடு பார்க்கும் வேலைக்குத் திரும்பவில்லை. பெரிய சிஸ்டர் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். "இங்கேயே இருக்கேன்க்கா. இங்க கட்டிலுக்குக்கூடச் சக்கரத்துல பூட்டு இருக்கு, காலால மிதிச்சா கடக்குன்னு கேக்குது" என்றாள். அதற்கு மேல் வற்புறுத்த இவளுக்கு வாய் வரவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த மறுவாரம் பெரிய சிஸ்டர் மறுபடி வண்டியை எடுத்தாள். மணிக்கட்டு முன்போல் திரும்பவில்லை. மழைக்கு முன்னால் வலிக்கும் என்று எலும்பு டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டி முழுக்க நின்ற பிறகு மூன்று எண்ணி, 'பி'யை அமுக்கி, திரையில் அந்த எழுத்து வந்ததா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, இன்ஜினை அணைத்து, இறங்கி, குனிந்து கட்டையை வைத்து, புறப்படும்போது மறுபடி குனிந்து அதை எடுத்தாள். பதினாலு வீட்டுக்கு இருபத்தெட்டு தரம் குனிய வேண்டியிருந்தது. முதல் நாளே நாலரைக்கு முடிய வேண்டியது ஐந்தே காலுக்குத்தான் முடிந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இடுப்பு விட்டுப் போச்சுங்க" என்றாள்.

"நாளைக்கு எத்தனை வீடு?"

"பதினஞ்சு. புதுசா ஒண்ணு சேத்திருக்காங்க."

அவர் தைலப் பாட்டிலை எடுத்து வந்து, அவள் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் மூடியைத் திருகித் திறப்பதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.