முப்பத்தைந்தில் ஒரு பங்கு சேறு

பூசைப் பலகையின் நடுவில் டாங்கி நின்றது. அதன் முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். பழம், பீரங்கி பொருத்திய கூண்டைவிடப் பெரிதாக இருந்தது. படகு மாதிரிக் கூர்த்த முன்பக்கத்தில் மூன்று சந்தனக் கோடுகள், நடுவில் குங்குமம்.

லேபில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு முத்துமீனா வாசலிலேயே நின்றாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. டாங்கி பளிச்சென்று பச்சையாக இருப்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியபோது அதில் பாதிக்கு மேல் சேறு.

"வந்துட்டியா? கை கால அலம்பிட்டு வா. உனக்காகத்தான் தீபம் காட்டாம நிக்கிறேன்" என்றான் சங்கிலி. குளித்து, திருநீறு பூசி, வேட்டியில் இருந்தான். வருடத்தில் ஆயுத பூசை ஒரு நாள்தான் அவளுடைய கணவனை இந்தக் கோலத்தில் பார்க்க முடியும். மற்ற நாள் எல்லாம் முட்டிவரை சுருட்டிய பேன்ட்டும் ஈரமுமாகத்தான் இருப்பான். சமயநல்லூர் மெயின் ரோட்டில் அவனுக்கு வாட்டர் சர்வீஸ். லாரி, டிராக்டர், கார், பைக் என்று வருகிற வண்டியையெல்லாம் கழுவித் தள்ளுகிற இடம்.

"இதக் கழுவினீங்களா?"

"பின்ன? சேத்தோடயா சாமிக்கு முன்னால வைக்கிறது? பயப்படாத. ஷாம்பு போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால மெதுவாத்தான் தேச்சேன். ஒரு கம்பி ஒடியல, எண்ணிப் பாத்துக்க. ஆளுக மூஞ்சியில கைய வைக்கல. அது பெயிண்டு, போயிரும்னு தெரியும்."

டாங்கியின் மேல் மூன்று வீரர்கள் இருந்தார்கள். கட்டைவிரல் உயரம். கூண்டிலிருந்து இடுப்புவரை எழும்பி நின்றவனின் முகத்துக்கு மட்டும் அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்திருந்தாள். முகம் பத்திரமாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் பூட்ஸ்தான் கடையில் இன்றைக்கு வாங்கியதுபோல மின்னியது.

"சேறும் பெயிண்டு மாதிரித்தான் மாமா. நான் வச்சது."

"தெரியுமே. என் கடைக் குழியில இருந்து சின்னான்கிட்டச் சொல்லி அள்ளிட்டு வரச் சொன்ன வண்டல்தானே? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்." அவன் சிரித்தான். "நாளைக்கு மறுபடி அப்பிக்க. நான் கழுவுற வண்டியெல்லாம் என்ன, கண்ணாடிப் பொட்டியிலயா நிக்குது? இன்னைக்குக் கழுவுனா நாளைக்கு வயல்ல இறங்கும்."

"அது நாப்பது நாள் வேலை" என்றாள். "நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள மதுரையில கொண்டுபோய்க் கொடுக்கணும். போட்டிக்கு."

"போட்டியா? என்ன போட்டி?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியாது. முத்துமீனா இதுவரை சொன்னதில்லை.

அவள் மதுரையில் ஒரு டென்டல் லேபில் செராமிக் பல் செய்கிறாள். புதுப் பல்லைப் பழசாக்குவதுதான் அவள் கைவேலை. பக்கத்துப் பல்லில் இருக்கிற காபிக் கறை, வெற்றிலைக் கறை, ஓரத்து நீலம் எல்லாவற்றையும் மயிரிழைத் தூரிகையால் புதியதில் கொண்டுவந்தால்தான் வாயில் பொருந்தும். நான்கு வருடங்களுக்கு முன், லேபுக்கு அளவு அனுப்புகிற டாக்டர் சித்தார்த், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் பெயிண்ட் அடித்துச் செய்கிற, தான் பாதியில் விட்ட ஒரு மாடல் ஜீப் பெட்டியைக் கொடுத்து, "இந்தக் கைக்கு இது சும்மாம்மா, செஞ்சு பாருங்க" என்றார். செய்தாள். அதற்குப் பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆறு மாதத்துக்கு ஒரு பெட்டி என்று வந்துகொண்டே இருந்தது. இது எட்டாவது. பிடி-76. தண்ணீரில் நீந்திப் போகிற டாங்கி, எழுபத்தொன்றாம் வருடப் போரில் வங்காளத்து ஆறுகளைக் கடந்தது. நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஆற்றிலிருந்து கரையேறுகிற மாதிரி, சரிவான ஒரு மண் மேட்டையும் அதற்கென்று செய்து வைத்திருந்தாள். அது பூசைக்கு வராமல் அலமாரியில் தப்பித்திருந்தது.

சொல்லாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று அவளே பலமுறை யோசித்திருக்கிறாள். அவன் கேலி செய்வான் என்பதில்லை. ஒருநாளும் செய்ததில்லை. தோற்றால் அவன் ஆறுதல் சொல்வான். அதுதான் அவளுக்குப் பயம். யாருக்கும் தெரியாமல் தோற்றால், மறுநாள் லேபுக்குப் போய்ப் பல்லைச் செய்துகொண்டிருக்கலாம்.

வேண்டுமென்றே கழுவியிருப்பானோ என்று ஒரு நொடி தோன்றியது. சமையல் மேடையில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைப் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிக்குத் தள்ளிவிட்ட டாங்கி அது. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பூசைக்கு வைத்திருந்ததையும் பார்த்தாள். கடைச் சாவிக்கொத்து, பம்பின் துப்பாக்கி முனை, ஸ்பேனர்கள், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சில்வர் தட்டில் அவளுடைய தூரிகைகள், இடுக்கி, கத்தி, பெயிண்ட் குப்பிகள், மைப்பேனா அளவிலான ஸ்பிரே. ஒவ்வொரு குப்பி மூடியிலும் ஒரு சந்தனப் பொட்டு. முப்பத்தாறு குப்பிகளுக்கு முப்பத்தாறு பொட்டு. நான்கு வருடத்தில் அவளுடைய சாமானைப் பூசையில் வைக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றியதில்லை.

கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சரி, தீபத்தக் காட்டுங்க" என்றாள்.

சூடம் எரிந்து அடங்கியதும் அவள் கை தட்டை நோக்கிப் போனது. இப்போதே உட்கார்ந்தால் ஒரு பூச்சுச் சேறு காய்ந்துவிடும். தட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. பூசையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபடி தீபம் காட்டிய பிறகுதான் எடுப்பார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் பெரிய பக்தியில்லை. ஆனால் கை எடுக்கவில்லை.

சங்கிலி அதைக் கவனித்துவிட்டான். "வேணும்னா எடு. கோவிச்சா என்னைய கோவிக்கட்டும். கழுவுனது நான்தானே."

"வேணாம்."

"நெசமாவே நாப்பது நாளா?"

"ம்."

அவன் பொரியை வாயில் போட்டு மென்றான். ஏதோ சொல்ல வந்து நிறுத்துகிறான் என்பது தெரிந்தது. பிறகு சொல்லியேவிட்டான். "கோவிச்சுக்காத. அந்தச் சேறு தப்பா இருந்துச்சு."

"என்ன தப்பு?"

"வண்டி ஆத்துல நீந்தி ஏறுதுன்னுதானே சொன்ன? அப்ப தண்ணி மட்டம் வரைக்கும் அதுவே கழுவிட்டுத்தான் ஏறும். பழைய புழுதி மேலதான் நிக்கும். கரையில மிதிச்ச புதுச் சேறு சக்கரத்தோட சரி. நீ மேல கீழ எல்லாம் ஒரே மாதிரி அப்பியிருந்த. அப்புறம் அந்த வடிஞ்ச கோடெல்லாம்..." அவன் உள்ளங்கையைச் சரித்துக் காட்டினான். "மேடு ஏறுற வண்டிக்கு மூக்கு மேல நிக்குமா? தண்ணி நேரா பூமியப் பாத்துத்தான் விழும். வண்டிய வச்சுப் பாத்தா கோடு பின்பக்கமா சாஞ்சிருக்கணும். உன்னோடது ஷெட்டுல நிப்பாட்டுன வண்டி மாதிரி நட்டமா இருந்துச்சு."

டாங்கியை மேசையில் சமமாக வைத்துத்தான் கோடுகளை வரைந்தாள். சரிவில் ஏற்றியது எல்லாம் முடிந்த பிறகு. நாற்பது நாளும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவளுக்கு அது தெரியவில்லை. கழுவியதைவிட இதுதான் அதிகம் வலித்தது. கழுவியதற்கு அவனைக் குறை சொல்லலாம். இதற்கு யாரைச் சொல்வது?

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலையே. நான் பக்கத்துல வந்தாலே தோள வளைச்சு மறைச்சுக்குவ. சரி, அவ வேலை, நமக்கென்னன்னு போயிருவேன்."

தோளை வளைக்கிறாளா? அவளுக்கு அது தெரியாது.

"வா, கடைக்குப் போயிட்டு வருவோம்" என்றான். "காட்டுனாத்தான் புரியும்."

ஐந்து மணி வெயிலில் கடை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. பூசைக்கு முந்தின இரண்டு நாளும் அங்கே நூற்றுக்கு மேல் வண்டிகள் கழுவியிருந்தார்கள். இன்று பம்ப் ஓடவில்லை. சங்கிலியின் லோடு வண்டி மட்டும் மாலையும் பொட்டுமாக ஓரத்தில் நின்றது. கடையில் வேலை பார்க்கிற சின்னான் அதன் நிழலில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கிலி வண்டியைக் கிளப்பிச் சரிவுத் தளத்தில் பாதி ஏற்றி நிறுத்தினான். மூக்கு மேலே நின்றது. இறங்கி, கழிவுநீர்க் குழியில் வாளியை முக்கி, அடி வண்டலோடு கலக்கித் தூக்கினான்.

சின்னான் எழுந்தேவிட்டான். "அண்ணே! பூசை போட்ட வண்டிண்ணே!"

"தெரியுதுடா. மாலையக் கழட்டு."

"கிறுக்கு புடிச்சிருச்சாண்ணே? காலையில அம்புட்டு நேரம் தேச்சேன்!"

"மாமா, வேணாம்" என்றாள் முத்துமீனா.

"தள்ளி நில்லு. சேலையில தெறிக்கும்."

வாளிச் சேறு வெள்ளை வண்டியின் விலாவில் விழுந்தது. இன்னொரு வாளி. சின்னான் தலையில் கை வைத்துக்கொண்டான். சங்கிலி நல்ல தண்ணீரை ஒரு குவளையில் எடுத்து, கதவின் பாதி உயரத்தில் மெல்ல ஊற்றிக்கொண்டே போனான். தண்ணீர் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கியது. கதவின் விளிம்புக்கு நட்டமாக இல்லை, சாய்ந்து, பின் சக்கரத்தைப் பார்த்து இறங்கியது. ஆணித் தலைகளில் தங்கியது. தங்கிய இடத்திலிருந்து மெல்லிதாக மறுபடி கிளம்பியது. கைப்பிடிக்குக் கீழே மட்டும் ஒரு இடம் நனையாமல் பழுப்பாகவே இருந்தது.

"இந்தா, இங்க பாரு. முதல்ல ஓடுன கோடு அகலமா இருக்கும், பின்னால வர்றது அதுக்குள்ளயே ஓடும். புதுசா வழி தேடாது."

அவள் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் போனில் படம் எடுத்தாள். பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாள். பல்லைப் பார்க்கிற மாதிரி. ஒரு கோட்டின் ஓரம் நடுவைவிடக் கறுப்பாகக் காய்கிறது என்பதைப் பார்த்தாள். அவன் சொன்னதில் அது இல்லை. அவன் கண்ணுக்கு அது தேவைப்பட்டதில்லை. கழுவுகிறவன் காய விடமாட்டான்.

"ஓரம் ஏன் கறுக்குது?" என்று கேட்டாள்.

சங்கிலி குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "தெரியலையே" என்றான்.

காலை ஆறரைக்கு மறுபடி தீபம் காட்டித் தட்டை எடுத்தாள். டாங்கியின் மூக்கில் இருந்த சந்தனத்தை ஈரப் பஞ்சால் துடைத்தபோது லேசான மஞ்சள் தங்கிவிட்டது. "அது இருந்துட்டுப் போகட்டுமா?" என்றாள். "ஆத்துல இறங்குன வண்டியில சந்தனம் எங்க நிக்கும்? அழி" என்று சங்கிலியே சொன்னான். பச்சைப் பெயிண்டைத் தொட்டு அதை மறைத்தாள்.

இந்த முறை டாங்கியை முதலில் மண் மேட்டின் சரிவில் ஏற்றிவிட்டுத்தான் தொடங்கினாள். மேலே புழுதி, மட்டத்துக்குக் கீழே ஈரம், பட்டைச் சக்கரத்தில் மட்டும் கனத்த சேறு. நாற்பது நாள் வேலை எட்டு மணி நேரத்தில் வரவில்லைதான். இடது பக்கம் நன்றாக வந்தது. வலது பக்கத்தில் பாதிக்கு மேல் நேரமில்லை. ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நின்ற சங்கிலி, "அந்தப் பக்கத்த செவுத்தப் பாத்து வச்சுருவோம்" என்றான். "நடுவருங்க டார்ச் அடிச்சு அடிவயிறு வரைக்கும் பாப்பாங்க மாமா." "அப்ப தோத்துருவியா?" "தோத்தாலும் தோப்பேன்." சொன்னபின் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தாள்.

மூன்றரைக்கு மதுரையில் போட்டி நடக்கிற மண்டபத்துக்குள் போனார்கள். வாசல் மேசையில் டாக்டர் சித்தார்த் வருகிறவர்களின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தார். "வந்துட்டீங்களா! நீங்க வரமாட்டீங்கன்னே நெனச்சேன். தனிநபர் பிரிவுதானே? முழுக்க ஒருத்தர் வேலைன்னு இங்க கையெழுத்து."

பேனா ஒரு கணம் நின்றது. பக்கத்தில் சங்கிலி படிவத்தை எட்டிப் பார்த்தான்.

"கழுவுனவன் பேரு எங்க?"

"கழுவுறதுக்குத் தனிப் பிரிவு வச்சாப் போடுறேன்."

"அது சரி" என்றான். சித்தார்த் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். முத்துமீனா தன் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இருபத்தேழாம் எண் மேசை. டாங்கியை அவளே இறக்கி வைத்தாள். முடியாத பக்கத்தைச் சுவருக்குத் திருப்பவில்லை. இரண்டும் தெரிகிற மாதிரி நடுவில் வைத்தாள். பக்கத்து மேசைகளில் ஜெர்மன் டாங்கிகளும் லாரிகளும் நின்றன. சங்கிலி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். "இந்த வண்டி நாலு ஊர் சுத்தியிருக்கு, ஆனா ஒரே மண்ணு ஒட்டியிருக்கு பாரேன்" என்று உரக்கச் சொன்னான். அதைச் செய்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் அவனுடைய சட்டை முனையைப் பிடித்து இழுத்தாள்.

இருபத்தேழுக்கு வந்ததும் அவன் குனிந்தான். கூண்டின் பின்னால் மயிர்போல நின்ற ஏரியல் கம்பி லேசாகச் சாய்ந்திருந்தது. சரிசெய்ய விரலை நீட்டினான்.

"தொடாதீங்க!"

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. நாலைந்து பேர் திரும்பினார்கள். வாசலில் சித்தார்த்தும் தலையைத் தூக்கினார்.

சங்கிலி விரலை இழுத்துக்கொண்டான். அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு, மேசைக்கு மேசை நின்றுகொண்டிருந்த மற்றவர்களைப் போலவே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, பார்க்கத் தொடங்கினான்.