பிச்சமுத்து கொடுத்த அனுமதி

அந்த மே மாதம் மலைக்கோட்டையே வியர்த்துக்கொண்டிருந்தது. கன்டோன்மென்டில், அரிசி ஆலை மெஷின்கள் செய்யும் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் மட்டும் மார்கழி. கையெழுத்து வாங்க வந்தவர்கள் வந்த காரியம் மறந்து, ஏ.சி. காற்றில் நின்றபடியே ஒரு கனவு கண்டுவிட்டுத்தான் போவார்கள்.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் லூர்துராணிக்கு அங்கே கனவு காண நேரமில்லை. எல்லாக் கிளைகளின் உதிரிபாகக் கணக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அவளால் அதைப் பார்க்க முடியும், திருத்த முடியாது. ஒரு போல்ட்டின் நம்பர் தப்பென்றாலும் அனுமதி உள்ள யாரையாவது தேடிப் பிடித்து, அவர் பெயரில் உள்ளே நுழைய வைக்க வேண்டும். ஒருமுறை சமயபுரத்தில் முடியிறக்க உட்கார்ந்திருந்தவரைப் பாதி மொட்டையோடு கூட்டி வந்திருக்கிறாள்.

அன்று காலை, யாருக்கு என்ன அனுமதி என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள், குளத்தின் அடியிலிருந்து மீன்கள் எழும்புவதுபோல் வரிவரியாக மேலே வந்தன. மானேஜர் இருதயநாதனுக்கு எழுத மட்டும். டிரைவர் மதுரைவீரனுக்கு எழுத, அழிக்க. அட்டெண்டர் பிச்சமுத்துவுக்கு எழுத, அழிக்க, போதாததற்கு மற்றவர்களுக்கு அனுமதி வழங்கவும். அந்தக் கடைசி அதிகாரம் வேறொருவருக்கும் இல்லை.

கம்ப்யூட்டரைப் பொருத்த மெட்ராஸிலிருந்து வந்த ஆள் யார் யாருக்கு என்ன அனுமதி என்று கேட்டபோது, குரூப் போட்டோவில் நாற்காலி போடுவதற்கு எடுக்கும் அதே சீனியாரிட்டி பட்டியலை இருதயநாதன் எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பட்டியலில் சர்வீஸில் அவரே இளையவர்; லூர்துராணி அப்போது வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை.

பிச்சமுத்து இன்று ஓய்வு பெறுகிறார்.

"சார், அவர் போயிட்டா இந்தப் பூட்டுக்குச் சாவியே கிடையாதுங்க. அதுக்குள்ள என் பேருக்கு மாத்தித் தரச் சொல்லுங்க."

"அடுத்த சீனியர் மதுரைவீரன்தானேம்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அவர் கீபோர்டைத் தொட்டா ஹாரன் அடிக்கிற மாதிரி அமுக்குறாருங்க."

இருதயநாதன் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் காவிரியில் தண்ணீர் வந்து வற்றிவிடும். கடைசியில், "பிச்சமுத்து யாருக்குக் குடுக்குறாரோ குடுக்கட்டும்" என்றார்.

பிச்சமுத்து செருப்பைக் கழற்றி, கை கழுவி, மூலஸ்தானத்துக்குள் நுழைவதுபோல் நுழைந்தார். அவர் உட்கார்ந்து தட்ட, மானேஜர் பின்னால் நிற்பது உலகத்தில் இந்த ஓர் இடத்தில்தான்.

"யார் பேரை அடிக்கணும்?"

"உங்க இஷ்டம், அண்ணே." தன் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் ஆயுசு முழுக்க ஆள் தேடி அலைய வேண்டும் என்றும் தெரிந்தது.

"மதுரைவீரன் நேத்தே பரோட்டா வாங்கிக் குடுத்துட்டான். நீ ஒரு டீ வாங்கித் தந்திருப்பியா?"

"உங்க பாஸ்வேர்டை இத்தனை வருஷமா உங்களுக்கு ஞாபகப்படுத்துறது யாருண்ணே?"

அவர் சிரித்தார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுவதுபோல் ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடியது. எல். வெகுநேரம் கழித்து ஓ. அவள் மூச்சு விட்டபோது பெயர் முழுதாகத் திரையில் இருந்தது.

மறுபடி சரிபார்த்தாள். முழு அதிகாரத்தோடு இப்போது இரண்டு பெயர்கள்.

"பிச்சமுத்து பேரை எடுத்துடும்மா. போறவங்க பேரு உள்ள இருக்கக் கூடாது" என்றார் இருதயநாதன்.

"எடுத்தா என்ன ஆகும், லூர்தம்மா?"

"அப்புறம் உங்களை உள்ள விடாதுண்ணே."

"நான் எங்க வரப்போறேன்." நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பிரிவுபசாரத்துக்குப் போட்ட ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முழுக் கட்டளையையும் தட்டி முடித்தாள். இன்னும் ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. அதை அழுத்தும் அதிகாரமும் இப்போது அவளுடையதுதான்.

"எடுத்தாச்சா?" என்று கதவருகிலிருந்து கேட்டார் இருதயநாதன்.

"மெஷின் யோசிக்குதுங்க, சார்."

வெகுநேரம் விரல் அந்தரத்திலேயே நின்றது. எங்கோ காவிரிப் பாலத்தின் மேல், ஸ்ரீரங்கத்தை நோக்கி ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. ஹேண்டிலில் தொங்கிய அந்த ரோஜா மாலையிலிருந்து இதழ்கள் எதிர்காற்றில் பிரிந்து, அவசரமேயில்லாமல், வெள்ளை மணலில் இறங்கிக்கொண்டிருந்தன.